தோழியின் மகளுக்கு இருதய அறுவை: எங்கள் வீட்டில் தங்க வரும் குடும்பத்துக்கு எப்படித் துணையாக இருப்பது?

கேள்வி: வண்ணைவாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் உள்ள தெரு ஒன்றில் முதல் மாடியில் குடியிருக்கிறோம். கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, அவ்வளவுதான் வீடு. கணவர், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன், மாமியார், நான் என்று நால்வர் இருக்கிறோம். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் தங்கிப் படித்த தோழி தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அவளுடைய நான்கு வயது மகளுக்கு இருதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் ஓட்டை இருக்கிறது. அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வந்த மருத்துவக் குழுவினர்தாம் முதலில் ஐயப்பட்டு மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எக்கோ (இருதயத்தை ஒலியலைகளால் படம் பிடிக்கும் பரிசோதனை) எடுத்துப் பார்த்தபோது அது உறுதியாயிற்று. சிறிய ஓட்டையாக இருந்தால் தானாக மூடிக்கொள்ளும் வாய்ப்பு உண்டாம்; இது அப்படிப்பட்டது இல்லை என்றும், குழந்தைக்கு எடை ஏறாததற்கும் அடிக்கடி நெஞ்சில் சளி கட்டுவதற்கும் இதுவே காரணம் என்றும் சொல்லி, சென்னையில் ஒரு மருத்துவமனையில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அறுவை செய்துகொள்ள அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

லாட்ஜ் எதுவும் பார்க்க வேண்டாம், நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று நானும் கணவரும் சொல்லிவிட்டோம். தோழி, அவள் கணவர், குழந்தை, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மூத்த பையன் என நால்வரும் வருகிறார்கள். இடம் சிறியது என்பதில் எனக்குக் கவலை இல்லை, நெருக்கிப் படுத்துக்கொள்ளலாம். ஆனால் இப்படி ஒரு காரியத்துக்காக வருபவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு எனக்குப் பழக்கம் இல்லை. எவ்வளவு நாள் தங்க வேண்டியிருக்கும், நான் மருத்துவமனைக்குப் போய் உட்கார வேண்டுமா அல்லது வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதுமா, செலவுக்குப் பணம் கொடுத்தால் என்ன செய்வது என்பதெல்லாம் தெரியவில்லை. மாமியாருக்குக் கொஞ்ச நாளாக இருமல் வேறு இருக்கிறது. இந்த நிலையைக் கடந்து வந்தவர்களும், வீட்டில் இடம் கொடுத்தவர்களும் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கொருக்குப்பேட்டை அம்மா

சகோதரி, நான் உங்கள் தோழியின் இடத்தில் இருந்தவள். என் மகனுக்கு இதே போன்ற அறுவை நடந்தபோது நாங்கள் செய்யாற்றில் இருந்தோம். கொருக்குப்பேட்டையில் என் கணவரின் நண்பர் வீட்டில்தான் தங்கினோம். பிறகு இங்கேயே குடிவந்துவிட்டோம் என்பது வேறு கதை.

அந்த வீட்டில் எங்களுக்குக் கிடைத்த உதவிகளில் மிகப் பெரியது எது என்று கேட்டால், வந்த அன்றே அந்த அண்ணி என் கையில் கொடுத்த வீட்டுச் சாவி என்றுதான் சொல்வேன். மருத்துவமனையில் அறுவைக்குப் பின் தாயை மட்டும் உடன் இருக்கச் சொல்வார்கள், ஐ.சி.யூ.வில் இருக்கும் நாட்களில் அதுவும் இல்லை, குறித்த நேரத்தில் சற்று நேரம் பார்க்க விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வராந்தாவிலும் மரத்தடியிலும் கழியும். இரவு பதினொன்றுக்கு வந்து குளித்துவிட்டு, விடியற்காலை நான்கரைக்குத் திரும்ப வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு, கதவைத் தட்டி ஒரு வீட்டையே எழுப்புவதைவிடக் கூச்சமான விஷயம் இல்லை. சாவி இருந்தால் போவதும் வருவதும் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் நடக்கும்.

விருந்தோம்பலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன். வந்தவர்களுக்காகக் காத்திருந்து இலை போட்டுப் பரிமாறுவது நம் வழக்கம்; ஆனால் அறுவைக்கு முந்தைய நாட்களில் தாய்க்குத் தொண்டையில் சோறு இறங்காது, பரிமாறுபவரின் முகத்துக்காக அவள் சாப்பிட வேண்டியிருக்கும். சோற்றையும் குழம்பையும் மூடி வைத்துவிட்டு, எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். ரசம் சாதம், இட்லி, தயிர் சாதம் போதும். குடத்துத் தண்ணீர் எது, குடிக்கும் கேன் எது, குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், லாரித் தண்ணீர் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதை முதல் நாளே காட்டிவிட்டால், நம் பகுதி வீட்டில் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும். விடியற்காலையில் குளிக்க ஒரு டிரம் தண்ணீரை அவர்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் தெருக்களில் ஒரு வீட்டுக் கவலை பத்து வீட்டுக் கவலை ஆகிவிடும். அது நம் ஊரின் நல்ல குணம். ஆனாலும் படி ஏறி வருகிற ஒவ்வொருவரிடமும் தாய் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டி வந்தால் உள்ள தெம்பும் ஓய்ந்துபோகும். "எங்கள் சின்னம்மா பேரனுக்கும் இப்படித்தான்" என்று தொடங்குகிற சோகக் கதைகளை வாசலிலேயே நிறுத்த உங்களால்தான் முடியும். வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொள்பவர்களும், ராயபுரம் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களும் தாராளமாகச் செய்யட்டும், செய்தியை மட்டும் நீங்கள் வாங்கிச் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், தண்டையார்பேட்டை

குழந்தைகள் அறுவைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில், வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன். மருத்துவமனையில் சொல்லும் அறிவுரைக்கு இவற்றில் எதுவும் மாற்றாகாது.

முதலில் உங்கள் மாமியாரின் இருமல். குழந்தைக்குச் சளியோ காய்ச்சலோ வந்தால் அறுவையைத் தள்ளிவைத்துவிடுவார்கள். மயக்க மருந்து கொடுக்கும்போதும், பிறகு சுவாசக் கருவியிலிருந்து எடுக்கும்போதும் நுரையீரல் தெளிவாக இருக்க வேண்டும் என்பதே காரணம். அத்தனை தூரத்திலிருந்து வேலையை விட்டு வந்த குடும்பத்துக்குத் தேதி தள்ளிப்போவது எவ்வளவு பெரிய இடி என்பதை நான் வார்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்திருந்தால், அவர்கள் வருவதற்கு முன்பே அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அம்மாவுக்குச் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள், இலவசம்தான். சாதாரண இருமல் என்று தெரிந்தாலும், அது அடங்கும்வரை அவர் முகக்கவசம் அணிந்து தனித்துப் படுப்பது நல்லது. பள்ளியிலிருந்து வரும் உங்கள் மகன் கைகால் கழுவி உடை மாற்றிய பிறகே குழந்தையோடு விளையாடட்டும். கொசுவத்தியும் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் இந்த நாட்களில் வேண்டாம், கொசுவலை கட்டிவிடுங்கள். கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைக்குப் பக்கத்து வீடாக இருந்தால் தரையைப் பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள்.

அறுவைக்கு முன் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்வார்கள். பொதுவாகப் பாலும் திட உணவும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்புவரை அனுமதிப்பதுண்டு, ஆனால் உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரம் எதுவோ அதுவே கணக்கு. பெரியவர் யாரேனும் பசியில் அழும் குழந்தையைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டால் அன்றைய அறுவை நின்றுபோகும், ஏனென்றால் மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. சொத்தைப் பல் இருக்கிறதா என்றும் இப்போதே ஊரில் காட்டிவிடச் சொல்லுங்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து இருதயத்தில் தங்கக்கூடும் என்பதால் பல்லைச் சரிசெய்த பிறகே அறுவை என்பார்கள்.

ஐ.சி.யூ.வில் குழந்தையை முதலில் பார்க்கும் நொடிக்குத் தாயையும் தந்தையையும் ஆயத்தப்படுத்துவது மிகவும் தேவை. வாயில் குழாய், நெஞ்சுக்குக் கீழே நீரும் இரத்தமும் வடியும் குழாய்கள், கழுத்திலும் கையிலும் ஊசிகள், முகம் சற்று வீங்கியிருக்கும், குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கைகளைத் துணியால் மெதுவாகக் கட்டியிருப்பார்கள். இவையெல்லாம் இந்த அறுவையில் வழக்கமானவை என்று முன்பே சொல்லப்பட்டவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். தெரியாமல் உள்ளே போனவர்களில் மயங்கி விழுந்த தகப்பன்மார் உண்டு. வாய்க்குழாயை எடுத்த பிறகு குரல் சில நாட்கள் கம்மியிருக்கும், அதற்கும் பயப்பட வேண்டாம்.

குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள். "ஊசியே போட மாட்டார்கள்" என்று சொல்லிக் கூட்டிவந்த குழந்தை முதல் ஊசிக்குப் பிறகு அம்மாவையே நம்பாது. "உன் நெஞ்சை டாக்டர் சரிசெய்யப் போகிறார், அப்போது நீ தூங்கிவிடுவாய், எழுந்த பிறகு வலிக்கும், வலிக்கு மருந்து கொடுப்பார்கள், அம்மா வருவேன்" என்ற அளவு நான்கு வயதுக் குழந்தைக்குப் புரியும்.

டிஸ்சார்ஜ் ஆகி உங்கள் வீட்டுக்கு வரும்போதுதான் உங்கள் பங்கு பெரிது. நடு நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது கூடுவதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை யாரும் குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது. ஒரு கை கழுத்துக்கும் முதுகுக்கும் அடியில், இன்னொரு கை இடுப்புக்கு அடியில் கொடுத்து, ஏந்தித்தான் தூக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்து மாடிப்படி ஏற்றுவதும் கூடாது. உங்கள் வீடு முதல் மாடி என்பதால் வீட்டில் எல்லோரும் ஒரு தலையணையை வைத்தாவது இதைப் பழகிக்கொள்ளுங்கள். காய்ச்சல், காயத்தில் சிவப்போ சீழோ, மூச்சு வாங்குதல், உணவை மறுத்தல், உதடு நீலமாதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். படுக்கையில் சிறுநீர் கழிப்பது, இரவில் அலறி எழுவது, அம்மாவை விட்டு ஓர் அடி நகராதது ஆகியவை பெரிய அறுவை முடிந்த சிறு குழந்தைகளிடம் காணப்படுபவை. கண்டிக்க வேண்டியதில்லை, மெல்லக் குறையும். ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கி வைத்தால் போதும்.

தங்கும் காலத்தைப் பொறுத்தவரை, வெளியூர்க்காரர்களை முதல் மறுபரிசோதனை முடியும்வரை மருத்துவமனைக்கு எட்டும் தூரத்தில் இருக்கச் சொல்வதே வழக்கம். திரும்பும் ரயிலுக்கு இப்போதே டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பதில்: காசிமேட்டுக்காரன்

அக்கா, வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வரும் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் தங்குவது வழக்கம் என்பதால், வெளியே அலைய வேண்டிய வேலைகளை எழுதுகிறேன்.

காப்பீட்டு அட்டையை அவர்கள் கிளம்பும் முன்பே சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அந்தத் திட்டம் தாங்கும். குடும்ப அட்டையில் சின்னக் குழந்தையின் பெயர் சேர்ந்திருக்கிறதா, ஆதாரில் உள்ள எழுத்தும் அட்டையில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அறுவைக்கான ஒப்புதல் வருவதற்குள் ஊருக்கும் சென்னைக்கும் அலைய நேரும். எக்கோ அறிக்கை, பரிந்துரைக் கடிதம், அட்டைகள் எல்லாவற்றையும் பல நகல் எடுத்து ஒரே ஃபைலில் தேதி வாரியாக வைத்து, அந்த ஃபைலை எப்போதும் அப்பாவின் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இரத்தம் அடுத்தது. நெஞ்சைத் திறந்து, இருதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் அந்த நேரத்துக்குச் செய்யும் இயந்திரத்தில் வைத்துச் செய்யும் அறுவை என்பதால் இரத்தம் தேவைப்படும். கொடையாளர்களை அழைத்து வரச் சொல்வார்கள். ஊரிலிருந்து வரும் குடும்பத்துக்கு இங்கே யாரைத் தெரியும்? அந்த வேலையை நீங்கள் முழுதாக எடுத்துக்கொள்ளலாம். 18 வயது நிறைந்து, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், கடைசியாகக் கொடுத்து 90 நாட்கள், பெண்கள் என்றால் 120 நாட்கள் ஆனவர்கள் கொடுக்கலாம். ஓராண்டுக்குள் பச்சை குத்திக்கொண்டவர்களை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் பையன்களிடம் அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் பக்கத்துக் கேரம் மன்றத்திலும், வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பிள்ளைகளிடமும் சொன்னால் போதும், தேவைக்கு மேலேயே வந்து நிற்பார்கள். வடசென்னையில் இதற்கு ஆள் கிடைக்காமல் போனதை நான் பார்த்ததில்லை. எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பாமல், பெயரும் இரத்தப் பிரிவும் எழுதி வைத்துக்கொண்டு கேட்கும்போது அனுப்புங்கள்.

போக்குவரத்துக்கு மெட்ரோ நல்லது. வண்ணாரப்பேட்டையில் ஏறினால் மண்ணடி, உயர் நீதிமன்றம் தாண்டி சென்ட்ரல். எழும்பூர்ப் பக்கம் போக வேண்டுமென்றால் அங்கே பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம். பெண்களுக்கு இலவசம் என்பதால் உங்கள் தோழி சாதாரணக் கட்டணப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவையுங்கள். அறுவையன்று விடியற்காலைக்கும், டிஸ்சார்ஜ் அன்றும் மட்டும் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் முன்பே பேசிவிடுங்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வழியாகப் போக வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். மழைக்காலம் என்றால் கணேசபுரம் சுரங்கப்பாதையையும் நம்பாதீர்கள்.

வண்ணைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மாமியாரை நாளைக்கே பரிசோதனைக்கு அழைத்துப் போகிறேன். விஷயத்தைச் சொன்னதும் அவரே, அறிக்கை வரும்வரை நாத்தனார் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. தோழியின் கணவர் தையல் வேலை செய்பவர். தங்குவதற்குப் பணம் கொடுத்தே தீருவேன் என்கிறார். எங்கள் கல்லூரித் தோழிகளோ குழுவில் குழந்தையின் படத்தைப் போட்டு நிதி திரட்டலாம் என்கிறார்கள். நால்வரும் வருவதாகத்தான் இருந்தது; இப்போது மூத்த பையனை அழைத்து வருவதா, பாட்டியிடம் விட்டு வருவதா என்பதிலும் தோழி குழம்பிப்போயிருக்கிறாள்.

பதில்: காசிமேட்டுக்காரன்

வாங்காதீர்கள் அக்கா. நம் வீட்டில் தங்கியதற்குக் காசு வாங்கினோம் என்ற பேச்சு ஆயுளுக்கும் நிற்கும். அவர் கையில் இருக்கும் பணம் அவருக்கே போதாது.

பதில்: கொருக்குப்பேட்டை அம்மா

தம்பி சொல்வதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். வாடகை போல் வாங்குவது தவறு. ஆனால் காலைப் பாலும் காய்கறியும் நான் வாங்கி வருகிறேன் என்று அந்த மனிதர் சொன்னால் தடுக்காதீர்கள். என் கணவர் தினமும் ஆவின் பூத்தில் இரண்டு பாக்கெட் பால் வாங்கி வந்து அந்த வீட்டு மேடையில் வைப்பார். மருத்துவமனையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தகப்பனுக்கு அந்த ஒரு வேலையாவது தன் பொறுப்பில் இருந்தது.

நிதி விஷயத்தில், காப்பீடு மருத்துவமனைச் செலவைத்தான் பார்க்கும். கடை மூடிக் கிடக்கும் நாட்களின் வருமானத்தையும், ஆட்டோச் செலவையும், வெளியே சாப்பிடும் செலவையும் அது தராது; ஆகவே தோழிகள் உதவுவது நியாயமே. ஆனால் குழாய்களோடு படுத்திருக்கும் பெண் குழந்தையின் படம் எத்தனை குழுக்களுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, போன படத்தைத் திரும்ப எடுக்கவும் முடியாது. படமும் வேண்டாம், பொது அறிவிப்பும் வேண்டாம். உங்களில் ஒருவர் சேர்த்து, தோழியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவள் கணக்கிலேயே போட்டுவிடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை அவளுக்கு அனுப்பாதீர்கள்.

பையனைப் பற்றிய முடிவு தாயுடையது. என்னைக் கேட்டால், பாட்டி திடமாக இருந்தால் ஊரிலேயே பள்ளிக்குப் போகட்டும், இரவில் வீடியோ அழைப்பில் பேசட்டும் என்பேன். வந்தே ஆக வேண்டும் என்றால், அவனை உங்கள் மகனின் பொறுப்பில் விடுங்கள். தங்கைக்கு என்ன நடக்கிறது என்பதை அவனுக்கும் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் தாமாகவே இன்னும் மோசமாகக் கற்பனை செய்துகொள்வார்கள். மாலையில் கடற்காற்றுக்குக் கூட்டிப்போங்கள், ஒரு நாளாவது அவனுக்குப் பிடித்ததை அவனுக்காகவே வாங்கிக் கொடுங்கள். எல்லோரும் தங்கையைப் பற்றியே விசாரிக்கும் வீட்டில் அவனை யாரும் கேட்பதில்லை.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், தண்டையார்பேட்டை

விட்டுப்போன ஒன்று. அறுவை நடக்கும் நாளில் மருத்துவமனைக்கு நீங்கள் அவசியம் போங்கள். தியேட்டருக்குள் அனுப்பிவிட்டுத் தாய் வெளியே காத்திருக்கும் அந்த மணி நேரங்களில் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். பேச வேண்டும் என்பதில்லை. தண்ணீர் புட்டி, போன் சார்ஜர், ஒரு போர்வை, கொஞ்சம் பழம் எடுத்துப் போங்கள். "கடவுள் எல்லாம் நல்லதற்கே செய்வார்" என்பதுபோல் எதையும் சொல்லாமல், அவள் அழுதால் அழவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் மற்ற நாட்களில் விடுப்பு எடுக்க வேண்டாம். அந்த விடுப்பை டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐ.சி.யூ. நாட்களில் விசாரிக்க எல்லோரும் வருவார்கள், வீட்டுக்கு வந்த பிறகு யாரும் வருவதில்லை. மருந்து நேரம் தவறாமல் கொடுப்பது, காயத்தை நனைக்காமல் உடம்பைத் துடைத்துவிடுவது என்று தாய்க்கு இரவு பகல் தெரியாது, அப்போதுதான் அவளுக்கு மூன்று மணி நேரத் தொடர்ந்த தூக்கம் தேவை.

திரும்பும் பயணத்துக்கு: இருதய அறுவை தொடர்பாகப் பயணம் செய்யும் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவீதம். மருத்துவமனை உரிய படிவத்தில் சான்று கொடுக்க வேண்டும். அதை டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு சேர்த்தே கேட்டு வாங்கி, நிலைய முன்பதிவு கவுன்டரில் காட்டி எடுக்கச் சொல்லுங்கள். தென்காசி வழியாகப் போகும் பொதிகை ரயிலில் கீழ்ப் படுக்கை கேளுங்கள். அடுத்த எக்கோ எந்தத் தேதி, தடுப்பூசிகளை எப்போது மீண்டும் தொடங்கலாம், எந்த மருந்தை எந்த நாளில் நிறுத்த வேண்டும் என்ற மூன்றையும் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் தமிழில் எழுதி அந்த ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்துவிடுங்கள், ஊரில் காய்ச்சல் என்று எந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் காட்டட்டும்.